கீழ்வரி அக்காவும் அடுத்த வீட்டுக்காரியும்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "இந்த முடிவுகள் சோதனைக்கு வந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்." யாரும் படிக்காத வரி. அறிக்கையை வாங்குகிறவர்கள் மேலே தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடுவில் ஏதாவது சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்: "குடிக்கலாமா, கூடாதா?"

அங்கே மூத்த ஆய்வாளராக இருந்த பெண்மணி அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நீங்க குடுத்த பாட்டில்ல இருந்த தண்ணி அளவுக்குள்ள இருக்கு."

"அப்ப எங்க கிணத்துத் தண்ணி?"

"பாட்டில்ல இருந்ததைத்தாங்க என்னால சொல்ல முடியும்."

வந்தவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார். கூடத்து இளையவர்கள் அந்தப் பெண்மணிக்குக் கீழ்வரி அக்கா என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், நாளாவட்டத்தில் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவிதத்தில் அது பட்டம்தான். மற்றவர்கள் கழுவி வைத்த குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி கழுவுகிறவர் அவர். சந்தேகம் வந்த எண்ணை மூன்றாம் முறையும் எடுத்துப் பார்ப்பார். அவர் கையெழுத்து இருந்தால் நீதிமன்றம்கூட மறுகேள்வி கேட்காது என்று கூடத்தின் இயக்குநரே பெருமையாகச் சொல்வதுண்டு.

அதே அக்காதான் வார இறுதிப் பத்திரிகை இணைப்பில் "அடுத்த வீட்டுக்காரி" என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர். இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர் கணவர். மற்றவர் அந்த இணைப்பின் ஆசிரியை.

அடுத்த வீட்டுக்காரி படிக்காதவள். வாய் ஓயாதவள். மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவது மாதிரி எழுதுவாள். "அடியே, ஃபில்டர் வாங்கிட்டியாமே. அதைக் கழுவினியா? கழுவாத ஃபில்டர் தண்ணியைச் சுத்தம் பண்ணாது, உன் மனசை மட்டும்தான் சுத்தம் பண்ணும்." தொட்டி கழுவுவது, குழாய்த் துரு, பிளாஸ்டிக் குடத்தில் பாசி என்று எதையும் விடமாட்டாள். செய் என்பாள், செய்யாதே என்பாள். நடுவில் ஒன்றும் கிடையாது.

புனைபெயருக்கு முதல் காரணம் வேலை. இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடத்து ஊழியர்கள் வெளியில் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. இரண்டாவது, ஆய்வுக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கிறவர் இப்படிப் பத்திரிகையில் அரட்டை அடிக்கிறார் என்று தெரிந்தால் அந்த வட்டாரத்தில் மரியாதை போய்விடும். மூன்றாவது காரணத்தைக் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். "அவ பேசும்போது எனக்கு மூச்சு நல்லா வருதுங்க."

கணவருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. சாப்பாட்டில் உப்புத் தூக்கலாக இருந்தால், "இன்னைக்குச் சமைச்சது யாரு, நீயா அவளா?" என்பார். "நீயா இருந்தா எத்தனை கிராம்னு சொல்லியிருப்ப."

கூடத்தில் தேநீர் வேளையில் அந்தப் பத்தியைச் சத்தமாகப் படிப்பார்கள். அதிலும் ஓர் உதவியாளனுக்கு அது வாரா வாரம் வேண்டும். "இந்தம்மாவுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது, ஆனா பேசத் தெரியுது. நம்ம கீழ்வரி அக்காவுக்கு நேர் தலைகீழ்" என்பான். அக்கா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "குளோரின் எவ்வளவு போடணும்னு அளவே சொல்லலையே அதுல" என்பார். "உங்களுக்கு எதுலதான்க்கா திருப்தி" என்று எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார்.

தொடக்கத்தில் அவர் எழுதி அனுப்பியதெல்லாம் அடுத்த வீட்டுக்காரி முக்காடு போட்ட அறிக்கைகளாகத்தான் இருந்தன. ஆசிரியை தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா வரிக்கு வரி 'ஆனால்' போடுறீங்க. மதில்மேல நின்னு பேசறவ 'சில சூழ்நிலைகளைத் தவிர'ன்னா சொல்லுவா?" அக்கா கற்றுக்கொண்டார். விரைவிலேயே அது அவருக்குப் பிடித்தும் போனது. வாரம் முழுவதும் கீழ்வரி போட்டுக் கையெழுத்திடும் கைக்கு அது ஒரு விடுமுறை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சமயத்தில் ஊரெங்கும் வயிற்றுப்போக்கு. அடுத்த வீட்டுக்காரி தண்ணீரைக் கொதிக்க வைப்பதைப் பற்றி எழுதினாள். "குமிழி வந்ததும் அடுப்பை அணைக்கிறவளே, கிருமி என்ன உன் மாமியாரா, முகம் சிவந்ததும் ஓடிப்போறதுக்கு? நல்லா தளதளன்னு கொதிக்கட்டும். ஒரு கொதி உனக்கு, இன்னொரு கொதி உன் பிள்ளைக்கு. கைப்பிள்ளைக்குப் பால் கலக்குற தண்ணின்னா ரெண்டு தடவை கொதிச்சதாத்தான் இருக்கணும்."

முதலில் எழுதிய வடிவத்தில் கடைசியில் இன்னொரு வாக்கியமும் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள், பக்கத்தில் உரம் போடும் நிலமோ கழிவுத் தொட்டியோ இருந்தால், முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற வாக்கியம். அது அவளுடைய குரலில் உட்காரவில்லை. பேச்சின் சூட்டைக் கெடுத்தது. அதை அடித்தவர் ஆசிரியை இல்லை. அக்காவேதான்.

அந்தப் பத்தி நன்றாகப் போனது. பள்ளிக்கூடங்களில் படியெடுத்து ஒட்டினார்கள். பல வீடுகளில் அது உண்மையாகவே வயிற்றைக் காப்பாற்றியிருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் காலையில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கூடத்துக்கு வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் பழரசப் பாட்டிலில் தண்ணீர். அக்கா கவுன்டரில் யாருக்கோ அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாட்டில்ல எடுத்தா முடிவு சரியா வராதுங்க. நாங்க குடுக்குற பாட்டில்லதான் பிடிக்கணும்" என்று சுத்தமான பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"போயிட்டு வர நேரமில்லைங்க மேடம். பாப்பா ஆஸ்பத்திரியில இருக்கு. உதடு, நகமெல்லாம் நீலம் பூத்துப்போச்சு. டாக்டர்தான் தண்ணியைப் பாருங்கன்னு அனுப்பினாரு."

அக்காவின் கை பாட்டிலோடு அப்படியே நின்றது. "கைக்குழந்தையா? புட்டிப்பாலா?"

"ஆமாங்க."

"கிணத்துத் தண்ணியா?"

"வாடகை வீடு. பின்னாடி கிணறு. அதுக்குப் பின்னாடி காய்கறித் தோட்டம்." அவர் அவசரமாகத் தொடர்ந்தார். "ஆனா நாங்க சும்மா குடுக்கலீங்க. பேப்பர்ல அடுத்த வீட்டுக்காரி எழுதுவாங்கள்ல, அவங்க சொன்ன மாதிரிதான். ரெண்டு கொதி. என் வீட்டுக்காரி அதுக்கும் மேல, காலையில கொதிக்க வச்சதையே சாயங்காலம் திரும்பக் கொதிக்க வைப்பா."

அக்கா பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"எங்க அக்கா வேற வந்து உக்காந்திருக்காங்க. இவ சரியாக் கொதிக்க வச்சிருக்க மாட்டா, போன்ல பேசிக்கிட்டு அரைகுறையா எடுத்திருப்பான்னு ஒரே பேச்சு. இவ பதில் சொல்லவே மாட்டேங்குறா. எனக்கே ஒரு நேரம் சந்தேகமா இருக்கு. நீங்க பாத்துச் சொல்லிடுங்க மேடம், அவ மேல தப்பு இருக்கா இல்லையான்னு."

தண்ணீரில் இருப்பதைத்தான் சொல்ல முடியும் என்ற பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா அதை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "கொதிக்க வச்ச தண்ணி ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஃப்ளாஸ்க்ல இருக்கும். அது எதுக்குங்க? அது சுத்தமான தண்ணியாச்சே."

"அதையும் கொண்டாங்க. ஒரு பாட்டில்ல கிணத்துத் தண்ணி, இன்னொண்ணுல அது. கூடத்து வண்டியிலேயே போயிட்டு வந்துடுங்க."

தேடவேண்டியது என்ன என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்பு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பெரியவர்களை அவ்வளவாகப் படுத்தாது. கைக்குழந்தையின் உடம்பிலோ அது ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். குழந்தை நீலம் பாரித்துப் போகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். மிச்சத் தண்ணீரில் அதே உப்பு இன்னும் செறிவாகத் தங்கிவிடும். பாயசத்தை அடுப்பில் விட்டால் இனிப்பு ஏறுகிற மாதிரி.

கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் அனுமதி அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அக்கா உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசினார். குழந்தை மருத்துவர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். சிகிச்சையையும் தொடங்கிவிட்டிருந்தார். "இது போதும். கிணத்து ரிசல்ட்டை மட்டும் அனுப்புங்க" என்றார்.

அதன் பிறகுதான் ஃப்ளாஸ்க் தண்ணீரை எடுத்தார். மூன்று மடங்குக்கும் மேல். வேறு குடுவையில் ஊற்றி மறுபடி எடுத்தார். எண் அசையவில்லை.

கருவியின் திரையில் இரண்டு எண்கள். முதல் எண் கிணறு செய்தது. அதற்கும் இரண்டாவது எண்ணுக்கும் நடுவில் இருந்தது அடுத்த வீட்டுக்காரி செய்தது. எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் எழுதியது யாருக்கு என்ன செய்தது என்று தெரிவதே அரிது. அக்காவுக்கு அது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது எண்ணை யாரும் கேட்கவில்லை. மருத்துவருக்கு வேண்டாம். மெக்கானிக்குக்கு அப்படி ஒன்று இருப்பதே புரியாது. அறிக்கையில் சேர்த்தால், கொதிக்க வைத்த தண்ணீரை ஏன் சோதித்தீர்கள் என்று இயக்குநர் கேட்பார். சேர்க்காவிட்டால், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் அரைகுறையாகக் கொதிக்க வைத்தவளாகவே வாழ்நாள் முழுக்க இருப்பாள்.

சாயங்காலம் கடைக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். அவர் ஒரு மூக்குக்கண்ணாடியின் காம்பை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"குழந்தைக்குச் சரியாயிடும்ல?"

"ஆயிடும்னு டாக்டர் சொல்றாரு. இன்னும் ஆகல."

"டாக்டருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு. அப்புறம் ரெண்டாவது நம்பர் யாருக்கு வேணும்?"

"அந்தப் பொண்ணுக்கு."

"உன் வேலை?"

"போனாலும் போகும்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். எப்போதும் போலக் கேலியாகத்தான் ஆரம்பித்தார். "உன் அடுத்த வீட்டுக்காரிகிட்ட யோசனை கேட்டா என்ன சொல்லுவா?"

"தைரியமாப் போய்ச் சொல்லுடின்னு சொல்லுவா. அவளுக்கென்னங்க, இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

மறுநாள் இயக்குநரின் அறையில் இரண்டு எண்களும் இருந்த அறிக்கையை நீட்டினார். இயக்குநர் மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ரெண்டாவது மாதிரியை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார்."

"பின்ன ஏன் பண்ணீங்க?"

அக்கா சொன்னார். பத்தியைப் பற்றி, பெயரைப் பற்றி, அடித்த வாக்கியத்தைப் பற்றி. இயக்குநர் கேட்டு முடித்ததும், "என் வீட்டுல அதைப் படிச்சிட்டு என்னைத் தொட்டி கழுவ வச்சாங்க" என்றார். அதில் சிரிப்பு இல்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, அக்காவின் மேல் விசாரணைக்கு எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டார்.

"இன்னையிலேருந்து கருவி பக்கம் போகாதீங்க. விசாரணை முடியறவரைக்கும் கவுன்டர்."

கூடத்து ஆட்கள் அறிக்கையை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமில்லை. அக்கா கொண்டுபோனார். குழந்தைகள் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அக்கா மடியில் துணிப்பையோடு ஒரு நாற்காலியில். இரண்டு நாற்காலி தள்ளி, சுவரைப் பார்த்தபடி அந்தப் பெண். குழந்தையின் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றியிருந்தார்கள். உதடு மெதுவாக நிறம் திரும்புவதாக மெக்கானிக் சொன்னார்.

"டெஸ்ட்ல என்ன வந்துச்சுங்க?" நாத்தனார்தான் முதலில் கேட்டார். "கொதிக்க வைக்காமக் குடுத்திருக்கான்னுதானே?"

"கொதிக்க வச்சிருக்காங்க. ரொம்ப நல்லாவே வச்சிருக்காங்க. அதுதான் கெடுதல் பண்ணியிருக்கு." அறிக்கையைப் பிரித்து, இரண்டு எண்களையும் விரலால் காட்டி, உப்பும் ஆவியும் பற்றிச் சொன்னார். "சும்மாக் குடுத்திருந்தாக்கூட இதைவிடக் கம்மியாத்தான் உள்ள போயிருக்கும்."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். "பேப்பர்ல அப்படித்தானே போட்டிருந்துச்சு."

"ஆமாம்மா. அதை எழுதினது நான்."

மெக்கானிக் சங்கடமாகச் சிரித்தார். ஆறுதலுக்காக எதையோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். "நீங்க லேப் மேடமாச்சே. அவங்க வேறங்க. அவங்க பேச்சே வேற மாதிரி இருக்கும்."

அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த நடைபாதையில், மருந்து வாசனைக்கு நடுவில் நின்று, மதில்மேல் முழங்கை ஊன்றுகிறவளின் குரலில் சொன்னார்: "கிருமி என்ன உன் மாமியாரா, முகம் சிவந்ததும் ஓடிப்போறதுக்கு. ஒரு கொதி உனக்கு, இன்னொரு கொதி உன் பிள்ளைக்கு."

அந்தக் குரலை முதல் முறையாக வாய்விட்டுப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் சொன்னாள்: "இவரை உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே படிச்சேன்."

"படிச்சவங்கதானே நீங்க" என்றார் நாத்தனார். இப்போது கோபம் திசை மாறியிருந்தது. "தெரிஞ்சவங்கதானே. ஒரு வார்த்தை சேர்த்துப் போட என்ன கேடு?"

குரலுக்குப் பொருந்தவில்லை என்பதை அங்கே சொல்ல முடியாது. நாத்தனார் எழுந்தார். துணிப்பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார். "எழுந்து வா. முகத்தைக் கழுவு. ஒரு வாய் ஏதாவது சாப்பிடு, வா." இருவரும் நடைபாதையின் கோடிவரை போவதைப் பார்த்துவிட்டு அக்கா வெளியே வந்தார்.

பத்திரிகையில் இரண்டு வரித் திருத்தம் போட்டுவிடலாம் என்றார் ஆசிரியை. அடுத்த வீட்டுக்காரியின் பெயரிலேயே, கீழ் மூலையில். அக்கா சம்மதிக்கவில்லை. அதே இடம், அதே நீளம், சொந்தப் பெயர், பதவி, அடித்த வாக்கியம் எல்லாம் வேண்டும் என்றார்.

"உங்க பேரைப் போட்டா உங்களைக் கிழிச்சுத் தொங்கவிடுவாங்க."

"அவ சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. கிணத்துத் தண்ணி குடிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகக்கூடாது."

அப்படியே வந்தது. அறிக்கை மாதிரி வறண்ட எழுத்து. திட்டி நிறையக் கடிதம், பாராட்டி ஒன்றிரண்டு. ஆனால் கூடத்தின் கவுன்டரில் பாட்டில் கேட்டு வரிசை நின்றது. கிணறு வைத்திருந்தவர்கள், கைக்குழந்தை வைத்திருந்தவர்கள். கவுன்டரில் இருந்தவர் அக்காதான். சிலர் மேசைப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்கள். அவர் பாட்டில்களை எண் போட்டு வாங்கி வைத்தார். இயக்குநரின் விசாரணை கடைசியில் கண்டிப்போடும் பதவி உயர்வு நிறுத்தத்தோடும் முடிந்தது. வேலை மிஞ்சியது.

அதற்குப் பிறகு ஆசிரியை ஒரு தடவை அழைத்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "அந்தப் பேரு பத்திரிகையோடதுன்னு நிர்வாகம் சொல்லுதுங்க. வாசகர்களுக்கு அவ வேணும். வேற ஒருத்தங்களை வச்சு எழுத வைக்கப்போறோம்."

"தண்ணியைப் பத்தியா?"

"இல்லீங்க. சமையல், வீட்டுச் செலவு. அந்த மாதிரி."

அடுத்த வீட்டுக்காரி மறுபடி வந்தாள். அதே மதில், அதே முழங்கை. செய், செய்யாதே. கூடத்தில் அந்த உதவியாளன் இப்போது அதைச் சத்தமாகப் படிப்பதில்லை. ஒருநாள் தேநீர் மேசையில் கிடந்த இணைப்பை அக்காவே எடுத்துப் படித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவரை உலுக்கியது. தான் இல்லாமலேயே அவளால் பேச முடிந்தது.

வெயில் ஏறிய ஒரு நாளில் அந்தப் பெண் கவுன்டருக்கு வந்தாள். குழந்தை இடுப்பில் உதைத்துக்கொண்டிருந்தது. வீடு மாறிவிட்டார்களாம். புது வீட்டுத் தண்ணீரைக் கூடத்துப் பாட்டிலில் பிடித்து ஏற்கெனவே கொடுத்திருந்தாள். இப்போது அறிக்கைக்காக வந்திருந்தாள். அக்கா எடுத்துக் கொடுத்தார். அவள் மேலே பெயரைப் பார்த்தாள், நடுவில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். நலம் விசாரிக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

"குடிக்கலாமா, கூடாதா?"

அக்கா குழந்தையைப் பார்த்தார். உதடு நல்ல சிவப்பாக இருந்தது.

"குடிக்கலாம். பாப்பாவுக்கும் குடுக்கலாம், ஒரு கொதி போதும். ஆனா இது இந்தக் குழாய்த் தண்ணிக்கு, இப்போதைக்கு மட்டும்தான். மழை வந்துச்சுன்னா, பக்கத்துல யாராவது தோண்டினாங்கன்னா, மறுபடி ஒரு பாட்டில் கொண்டுவந்து குடுத்துடும்மா."

அவள் தாளை மடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"இதை அப்பவே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல."

"இருக்கலாம்" என்றார் அக்கா.

அவள் தாளை மறுபடி விரித்தாள். குழந்தை பிடித்திழுக்க வர, கையை எட்டி நீட்டிக்கொண்டு, அடியில் இருந்த பொடி எழுத்தை உதடு அசையப் படித்தாள். படித்து முடித்துவிட்டுத்தான் மடித்தாள். வரிசையில் அடுத்து நின்றவர் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.